கைகாட்டி

அவருடைய தலையை முன் இருக்கையின் முதுகில் முட்ட வைத்தும், கால் இரண்டும் முழங்காலுக்குக் கீழே ஜீப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஆஸ்பத்திரிப் பணியாளர்கள் இருவரும் வெறும் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு, இனி எங்கள் வேலை இல்லை என்பதுபோல ஒதுங்கி நின்றார்கள். டீசல் பீப்பாயும் மளிகை மூட்டையும் ஏற்றுவதற்கென்று இருந்த இடம் அது. ஆறடி ஆளை அதில் படுக்க வைக்க வேண்டி வரும் என்று யாரும் யோசித்திருக்கவில்லை.

"குறுக்கா வைங்க தம்பி," என்றாள் அவள். "தலை அந்த மூலைல, கால் இந்த மூலைல."

கொழுந்தன் அக்குளுக்கடியில் கைகொடுத்துத் திருப்பினான். இப்போது பாதங்கள் மட்டும் வெளியே நின்றன. துணியின் நுனியை இழுத்து அவற்றைச் சுற்றிச் செருகினாள். காலை ஆறரைக்கு அவள் கணவரின் உயிர் போயிருந்தது. இப்போது மணி பதினொன்று. இடைப்பட்ட நேரத்தில் எத்தனை காகிதங்களில் கையெழுத்துப் போட்டாள் என்பது அவளுக்கே நினைவில்லை. கல்யாணத்துக்குக்கூட அத்தனை போட்டதில்லை.

"இறுக்கிக் கட்டுங்க. மேல ஏறும்போது பின்னால சரியும்."

"கட்டிட்டேன் அண்ணி. இது லாரிக்காரன் முடிச்சு. அவுக்கறதுதான் கஷ்டம்," என்றான் கொழுந்தன். சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவருடைய ஒரே தம்பி. முப்பது வருடமாக லாரி ஓட்டுகிறவன். நேற்றுத் தகவல் போனதும் லாரியைச் சரக்கோடு இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டு வந்து சேர்ந்திருந்தான். அண்ணனோடு அரைமணி நேரம் பேசவும் முடிந்திருந்தது.

கட்டி முடித்தும் கயிற்றை விடாமல் நின்றான்.

"அண்ணி, ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கீழயே முடிச்சிடலாமே. ஊர் இடுகாட்டுல இடம் இருக்காம். விசாரிச்சிட்டேன்."

"மேல குழி வெட்டிட்டு இருக்காங்க."

"அது சரி. அந்தப் பாதைல நான் ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கேன். அதுவும் அண்ணன் ஓட்ட, கண்ண இறுக்க மூடிட்டு."

"கீழ வெச்சா நான் எப்படி வந்து பாக்கறது? என்னை யாரு இறக்கிக் கூட்டிட்டு வருவா?"

கூட்டிவரக்கூடிய ஒரே ஆளை இப்போதுதான் கொழுந்தன் கயிறுபோட்டுக் கட்டியிருந்தான். கயிற்றை விட்டுவிட்டுப் போய் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தான். அவள் பின்பக்கமாக ஏறி, பீப்பாய் உருளாமல் இருக்கப் போடும் கட்டையின் மேல், அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

மலை உச்சியில் ஒலிபரப்பு டவர் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஆறு குவார்ட்டர்ஸ், ஒரு மெஸ். மெஸ்ஸில் சமையல் அவள். கீழேயிருந்து டீசல், மளிகை, மாத்திரை, பல் காட்டிவிட்டுத் திரும்புகிறவர், புதிதாக மாற்றலாகி வருகிறவர் எல்லாம் மேலே போவது அவருடைய ஜீப்பில். தார்ச்சாலை பாதி மலையில் கையை விரித்துவிடும். மிச்சம் இரண்டரை கிலோமீட்டர் வெறும் பாறை. அலுவலகக் காகிதத்தில் அதற்கு 'அணுகு சாலை' என்று பெயர். எழுதினவர் ஏறிப் பார்த்ததில்லை. பாறை காய்ந்திருந்தால் ஒன்றரை மணி நேரம். மழை பெய்து நனைந்துவிட்டால் மூன்று நாளுக்கு அவர்கூட வண்டியை எடுக்கமாட்டார். இந்த மாதத்தில் மூன்று மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் மழை வரும்.

அந்தப் பாறையில் அவர் வண்டி ஓட்ட, அவள் வண்டிக்கு முன்னால் நடப்பாள். இருபத்தாறு வருடமாக அப்படித்தான். ஓட்டுகிறவருக்குத் தன் சக்கரம் எந்தக் கல்லின் மேல் இருக்கிறது என்று தெரியாது. பானெட் மறைத்துவிடும். அவள் பத்தடி முன்னால், வண்டியைப் பார்த்தபடி, பின்புறமாகக் காலெடுத்து வைத்துக்கொண்டே கையால் சொல்வாள். எஞ்சின் இரைச்சலில் பேச்சு எடுபடாது. ஆதலால் எல்லாம் கைதான். இரண்டு விரலைக் கீழே காட்டினால் அந்தப் பக்கத்து முன்சக்கரத்தைக் கல்லின் தலைமேல் ஏற்று. சுண்டுவிரலை அசைத்தால் ஒரு மயிரிழை திருப்பு. உள்ளங்கையால் காற்றைத் தடவினால் அப்படியே வா, அவசரமில்லை. எஞ்சின் நின்றுபோனால் காதைத் தொடுவாள். சத்தம் கேட்கலையே என்று ஒருநாள் கேலிக்குச் செய்தது, அதுவே சாவியைத் திருப்பு என்பதற்கு நிலைத்துவிட்டது. டவர்காரர்கள் அவருக்கு 'ஆமை' என்றும் அவளுக்கு 'கைகாட்டி' என்றும் பெயர் வைத்திருந்தார்கள். "ஆமையும் கைகாட்டியும் கிளம்பிட்டாங்க, டீக்குள்ள வந்துடுவாங்க" என்பார்கள். அவர் அதைக் கேட்டால் பெருமைப்படுவார்.

தார்ச்சாலை முடிந்த இடத்தில் கொழுந்தன் வண்டியை நிறுத்தினான். எதிரே பாறை ஏறிப்போவதைப் பார்த்து, கண்ணாடியைத் துணியால் துடைத்தான். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

அவள் இறங்கி, நான்கு சக்கரமும் சேர்ந்து இழுப்பதற்காக, வழக்கம்போல முன்சக்கரங்களின் நடுவில் உள்ள திருகை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பூட்டினாள். அப்போதுதான் டயர் கையில் பட்டது. கல்லாக இருந்தது.

"டயர என்ன பண்ணீங்க?"

"காத்து ரொம்பக் கம்மியா இருந்துச்சு அண்ணி. நீங்க டாக்டர்கிட்ட நின்னப்ப பங்க்குக்குப் போய் நாலுலயும் புல்லா வெச்சிட்டு வந்தேன்." இன்று தன்னால் ஆன ஒரு நல்ல காரியம் அதுதான் என்கிற மாதிரிச் சொன்னான்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. ஹேர்பின்னை உருவிக்கொண்டு முதல் சக்கரத்தின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"ஐயோ அண்ணி, என்ன செய்றீங்க?"

"பாறைல கெட்டியான டயர் எகிறும். தொளதொளன்னு இருந்தாத்தான் கல்லக் கட்டிப் பிடிக்கும்."

"இறங்கினதுக்கப்புறம் அண்ணன் காத்து அடிக்கவே இல்லியா?"

"நெஞ்சு வலியோட வந்தவரு."

வால்வை அழுத்தி எண்ணத் தொடங்கினாள். ஒரு சக்கரத்துக்கு நூற்றைம்பது. அவர் எண்ணும்போது அறுபதுக்கு மேல் இவள் ஊடே ஏதாவது கேட்டு எண்ணிக்கையைக் குழப்பிவிடுவாள். அவர் மறுபடி ஐம்பதிலிருந்து தொடங்குவார். இன்று குழப்ப ஆளில்லாததால் நான்கு சக்கரமும் சீக்கிரம் முடிந்துவிட்டன.

பிறகு பாடம். கைச் சைகைகளை அவனுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினாள். மருந்துச்சீட்டை வாங்கிக்கொள்கிறவன்போல எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

"மெதுவா இழுக்கற அந்தக் குட்டி கியரப் போட்டு, முதல் கியர்ல விட்டுடுங்க. ஆக்சிலேட்டர மிதிக்க வேணாம், வண்டி தானா ஊரும். கட்டைவிரல ஸ்டீயரிங்குக்கு உள்ள விடாதீங்க, சக்கரம் உதைச்சா விரல் போயிடும். கிளட்ச்சத் தொடவே தொடாதீங்க."

"அது எப்படி அண்ணி? முப்பது வருஷமா காலு தானா போகுது."

"போக விடாதீங்க."

வண்டி ஊர்ந்தது. அவள் பின்புறமாக நடந்தாள். முதல் இருநூறு அடிக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்த முகம் அவளைத் தொந்தரவு செய்தது. அதே நெற்றி, அதே காது. நடுவில் வேறொருவருடைய கண். அவள் இரண்டு விரலைக் காட்டினாள். அந்தக் கண் ஒரு கணம் யோசித்தது. யோசித்து முடிப்பதற்குள் சக்கரம் கல்லைத் தாண்டிப்போய், கல் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டு தகடு கிறீச்சிட்டது.

"கல்லு மேல சக்கரத்த ஏத்துங்க," என்று ஜன்னலுக்கு ஓடிவந்து சொன்னாள். "கல்ல நடுவுல விட்டா வயித்துல இடிக்கும்."

"நீங்க கைய ஆட்டினது வேண்டாம்னு சொன்ன மாதிரி இருந்துச்சு."

அடுத்த முறை சுண்டுவிரலை அசைத்தாள். அவன் ஸ்டீயரிங்கை முழுச்சுற்றுச் சுற்றிவிட்டான். மறுபடி ஜன்னலுக்கு வந்தாள், மறுபடி பத்தடி முன்னால் போனாள். ஒவ்வொன்றையும் கையால் ஒருமுறை, வாயால் ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் தோளைத் தொட்டுச் சொன்னபோது அவளுக்கு அது எட்டவில்லை. வெள்ளைத் துணியால் மூடினபோதும் எட்டவில்லை. இப்போது பட்டப்பகலில், பாறையின் நடுவே, கையைத் தூக்கிக்கொண்டு நின்றபோது எட்டியது. இந்தக் கை சொல்வது இனி உலகத்தில் ஒருவருக்கும் புரியாது. அவர் போய்விட்டார்.

அழுகை வந்தது. இரண்டு கையும் வேலையாக இருந்ததால் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

பாதிவழியில் 'படி' வரும். முழங்கால் உயரப் பாறை, குறுக்கே. இடதுபக்கம் மலைச்சுவர், வலதுபக்கம் பள்ளம். வேறு வழியே இல்லை, ஏறித்தான் ஆக வேண்டும். மேற்கே மேகம் திரண்டிருந்தது. அவள் படிக்கு மேலே நின்று உள்ளங்கையால் காற்றைத் தடவினாள். முன்சக்கரங்கள் இரண்டும் பாறையின் முகத்தில் முட்டி, நசுங்கி, மெல்ல ஏறின. ஏறிவிட்டது என்று நினைத்த நேரத்தில் எஞ்சின் இரண்டு முறை இருமி நின்றது.

அவள் காதைத் தொட்டாள்.

கொழுந்தனின் கால் தானாகப் போயிற்று. கிளட்ச் அமுங்கியதும் வண்டிக்கு இருந்த ஒரே பிடிப்பும் போயிற்று. ஜீப் பின்னால் உருண்டது. முன்சக்கரங்கள் படியிலிருந்து தடாலென்று இறங்க, ஸ்டீயரிங் உதைக்க, பிரேக் பிடித்து வண்டி ஒரு கஜம் தள்ளிச் சாய்ந்து நின்றது. பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது. உள்ளே ஏதோ நகர்ந்து பலகையில் மோதிய சத்தம் கேட்டது. அது என்ன என்று இருவருக்கும் தெரியும்.

அவள் பாறையிலிருந்து குதித்து, சுவரோரமாகப் பின்பக்கம் ஓடினாள். லாரிக்காரன் முடிச்சு அவிழவில்லை. தலை மட்டும் இருக்கையை விட்டு நழுவி ஒருபக்கமாகக் கிடந்தது. அதை நேராக்கினாள். தன் ஸ்வெட்டரைக் கழற்றிச் சுருட்டித் தலைக்குப் பக்கத்தில் அணைகொடுத்தாள். குளிர்ந்திருந்த நெற்றியில் ஒரு நொடி கையை வைத்தாள்.

கொழுந்தன் பிரேக்கை மிதித்த காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். கட்டைவிரலை வாயில் வைத்திருந்தான்.

"சொன்னேன்ல, விரல உள்ள விடாதீங்கன்னு."

"என்னால ஆகாது அண்ணி. சத்தியமாச் சொல்றேன். இப்படியே பின்னால எறங்கிடலாம். அண்ணனுக்கு இது ஒரு குறையா வராது. நானும் சேந்து உருண்டா மேல ரெண்டு குழி வெட்டணும்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவளும் அதை ஒத்துக்கொண்டிருப்பாள். ஆனால் இதே படியில், முந்தாநாள், வண்டி இறங்கும்போது எஞ்சின் நின்றது. அவர் கையில் வண்டி படியில் நின்றது அதுவே முதல் தடவை. அப்போது அவளுக்கு நெஞ்சுவலி என்றே தெரியாது. பல் டாக்டரிடம் போக வேண்டும் என்றுதான் சொல்லியிருந்தார். கீழே நின்றிருந்த அவள் கன்னத்தில் உள்ளங்கையை வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினாள். என்ன, தூக்கமா என்று. கண்ணாடியில் வெயில் பட்டுப் பளபளத்தது. அதற்குப் பின்னால் அவர் பல்லைக் காட்டினார். சிரிக்கிறார் என்று இவளும் சிரித்தாள். இந்த இரண்டு நாளும் அவள் அந்த முகத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது சிரிப்பா, வலியா என்று கேட்கத் துணிவு வராமலே போய்விட்டது. அந்த ஆளைப் பாதிவழியில் திருப்பிக் கொண்டுபோய்த் தெரியாத ஊர் மண்ணில் விட அவளுக்கு மனம் வரவில்லை.

"தம்பி, இடது கால் ஷூவக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"கழட்டுங்க. கால மடிச்சு சீட்டு மேல வெச்சு உக்காருங்க. சம்மணம் போடற மாதிரி, ஒத்தக் காலு."

"ஒத்தக் காலோட எப்படி ஓட்டறது?"

"வலது காலு பிரேக்குல இருக்கட்டும். கியர்ல இருக்கறபடியே சாவியத் திருப்புங்க. ஸ்டார்ட்டரே வண்டியத் தூக்கிட்டு வரும். எஞ்சின் பிடிச்சதும் பிரேக்க மெதுவா விடுங்க. நின்னுபோனா மறுபடி பிரேக், மறுபடி சாவி. கிளட்ச்னு ஒன்னு இந்த வண்டில கிடையாதுன்னு நெனச்சுக்கங்க."

"கியர்ல வெச்சு ஸ்டார்ட் பண்ணா தூக்கி அடிக்கும் அண்ணி."

"குட்டி கியர்ல அடிக்காது. அவரு இப்படித்தான் செய்வாரு."

கொழுந்தன் அவளை நிமிர்ந்து பார்த்தான். வண்டி ஓட்டத் தெரியாத ஒரு பெண்ணிடம் முப்பது வருட டிரைவர் கேட்கக்கூடிய கேள்வி எதையும் அவன் கேட்கவில்லை. குனிந்து ஷூவைக் கழற்றினான்.

அவள் படியின் மேலே ஏறி நின்றாள். இம்முறை கையை இரண்டே சைகைக்கு மட்டும் வைத்துக்கொண்டாள். விரித்தால் வா, மூடினால் நில். மற்றதையெல்லாம் கத்தினாள். இருபத்தாறு வருடத்தில் அந்தப் பாறையில் அவள் குரல் கேட்டதே இல்லை. "எடது பக்கம் கொஞ்சம். கொஞ்சம்னா கொஞ்சம். போதும். இப்ப நேரா. நேரா வாங்க." சாவி திரும்பியது. ஸ்டார்ட்டர் முனகிக்கொண்டே வண்டியை ஓர் அடி இழுத்தது, எஞ்சின் பிடித்தது. முன்சக்கரம் ஏறியது. நின்றது. மறுபடி சாவி. பின்சக்கரம் பாறையின் முகத்தை உரசிப் புகைந்து, பிடித்து, ஏறியது.

படி தாண்டியதும் கொழுந்தன் ஜன்னலில் தலையை நீட்டி, "வந்துடுச்சா அண்ணி?" என்று கேட்டான். வண்டியின் உள்ளே உட்கார்ந்திருந்த அவனுக்கே அது தெரியவில்லை.

"வந்துடுச்சு. கால இறக்கிடாதீங்க."

மிச்ச தூரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு இடத்தில் அவள் கல்லைப் புரட்டிப்போட்டு வழி செய்தாள். ஓரிடத்தில் அவன் பிரேக்கை மிதித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். அவள் காத்திருந்தாள். அவளுடைய குரல் போகப்போகக் கம்மி, கடைசியில் காற்றாகத்தான் வந்தது. அதற்குள் அவன் அவளுடைய வாயசைவைப் பார்த்தே திருப்பக் கற்றுக்கொண்டிருந்தான். நல்ல டிரைவர்தான், ஒத்துக்கொள்ள வேண்டும். என்றாலும் அவள் கை ஒவ்வொரு திருப்பத்திலும் தன்பாட்டுக்குச் சுண்டுவிரலை அசைத்தது, காற்றைத் தடவியது. அவள் அதைத் தடுக்கவில்லை.

கடைசிப் பாறையைத் தாண்டியபோது மணி மூன்றரை. அதற்கு அப்பால் சமதளம். செம்மண் தரை, நேரான பாதை, முந்நூறு அடியில் குவார்ட்டர்ஸ். டவர்காரர்கள் நான்கைந்து பேர் மெஸ் வாசலில் நின்றிருந்தார்கள். ஒருவர் கையில் இன்னும் மண்வெட்டி இருந்தது.

இந்த இடத்துக்கு வந்ததும் அவர் வண்டியை நிறுத்துவார். டிரைவருக்கு அடுத்த பக்கத்துக் கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது. உடைந்து பல வருடம் ஆயிற்று, சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர் இருக்கையின் குறுக்கே சாய்ந்து, கையை எட்டி உள்ளிருந்து திறந்துவிடுவார். அவள் ஏறி உட்காருவாள். "கால் வலிக்குதா?" என்று கேட்பார். "உங்களுக்கென்ன, உக்காந்துட்டே வர்றவரு" என்பாள். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து வீட்டு வாசலில் போய் இறங்குவார்கள். முந்நூறு அடிக்கு ஏறி இறங்குவானேன் என்று யாரோ ஒருமுறை கேட்டதற்கு இருவருக்கும் பதில் தெரியவில்லை.

கால் தன்னால் நின்றது. அவள் பாதையோரமாக ஒதுங்கி, கதவு வரக்கூடிய இடத்தில் நின்றுகொண்டாள்.

ஜீப் பாறையை விட்டு இறங்கிச் செம்மண்ணுக்கு வந்தது. முதல் மழைத்துளிகள் பானெட்டில் விழுந்து ஆவியாயின. கொழுந்தன் மடித்திருந்த காலைக் கீழே இறக்கினான். குட்டி கியரைத் தள்ளினான், இரண்டாவது போட்டான். அவன் முகத்தில் காலையிலிருந்து காணாத தெளிவு வந்திருந்தது. அவளைத் தாண்டும்போது ஜன்னலில் குனிந்து, இரைச்சலுக்கு மேலே சொன்னான்:

"மழை வருது அண்ணி. நான் முன்னால போய் அண்ணன உள்ள சேத்துடறேன். நீங்க மெதுவா வாங்க."

அவள் சரி என்று தலையாட்டினாள்.

வண்டி போனது. மெஸ் வாசலில் நின்றவர்கள் எதிர்கொண்டு ஓடிவந்தார்கள், ஜீப்பைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ பின்பலகையை இறக்கும் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. அவள் இன்னும் பாதையோரத்திலேயே நின்றிருந்தாள். செம்மண்ணில் தொளதொளத்த டயர்களின் தடம் அகலமாகப் பதிந்திருந்தது. அதன்மேல் மழை புள்ளிவைக்கத் தொடங்கியதும், ஒரு தடத்துக்குள் காலை வைத்து நடந்தாள்.